கிராமங்களைக் குழுக்களாகப் பிரிப்பதில் ஒரு சிக்கல்: வழிகாட்டல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தின் வருவாய் கிராமங்களை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம அளவிலான அட்டவணையைக் கொண்டு, ஒத்த இயல்புடைய குழுக்களாகப் பிரிக்க முயன்று வருகிறேன். எழுத்தறிவு பெற்றோர், பட்டியல் சாதியினர், சொந்தமாகப் பயிரிடுவோர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகியோரின் விழுக்காடுகளைக் கணக்கிட்டு, கே-மீன்ஸ் (ஒத்த மதிப்புகள் உள்ளவற்றை, நாம் குறிக்கும் எண்ணிக்கையிலான குழுக்களாகச் சேர்க்கும் கணக்கீடு) முறையைப் பயன்படுத்தினேன். (எழுத்தறிவை மொத்த மக்கள்தொகையால் வகுத்துவிட்டு, ஏழு வயது நிரம்பியோரால்தான் வகுக்க வேண்டும் என்று பிறகு உணர்ந்து, எல்லாவற்றையும் மறுபடி போட்டது தனிக்கதை.)

சிக்கல் சிறிய ஊர்களில்தான் எழுகிறது. பத்துப் பன்னிரண்டு வீடுகளே உள்ள ஓர் ஊரில் இரண்டு குடும்பங்கள் பாய் நெய்தாலே வீட்டுத் தொழிலின் விழுக்காடு எகிறிவிடுவதால், அவ்வூர் தனிக் குழுவாக ஒதுங்கி நிற்கிறது. இத்தகைய ஊர்களை அண்டை ஊரோடு சேர்ப்பதா, ஒரு குறைந்தபட்ச மக்கள்தொகையை வரம்பாக வைத்து விலக்குவதா?

இதேபோல் சிறு பகுதிகளைக் குழுக்களாகப் பிரித்த பிரித்தானியாவின் 2011 கணக்கெடுப்பு வகைப்பாட்டில் 60 மாறிகளைக் (ஒப்பிடப் பயன்படும் பண்புகளைக்) கொண்டு 8 பெருங்குழுக்களும், அவற்றுள் 26 குழுக்களும், 76 உட்குழுக்களும் அமைத்தனர். விழுக்காடுகளை முதலில் ஒரு கணிதச் சார்பால் உருமாற்றி, பின் பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட அளவுக்குக் கொணர்ந்தனர். பூஜ்ஜியங்கள் மிகுந்த நம் அட்டவணைக்கு அந்த உருமாற்றம் பொருந்துமா என்பதே என் முதன்மையான ஐயம். ஆண்டில் ஆறு மாதத்துக்கும் குறைவாக வேலை செய்த குறுநிலைத் தொழிலாளரைத் தனி மாறியாக வைக்கலாமா என்பதையும், இத்தகைய தரவைக் கையாண்டவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.