மறு: சிக்னல் கேனனுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> 'சமிக்ஞைப் பீரங்கி' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பீரங்கி என்றாலே குண்டு பறக்கும். நாம் பெயர் தேடுவதோ மேசைமேல் வைக்கக்கூடிய சின்ன இரும்புக் குழலுக்கு, அல்லது பித்தளைக் குழலுக்கு. கரிமருந்தைப் போட்டு, தக்கையை வைத்துக் கெட்டித்து, பின்பக்கத் துளையில் நெருப்பு வைத்தால் சத்தமும் புகையும் வரும். அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. வெளிநாடுகளில் பாய்மரப் படகுப் போட்டி தொடங்க இதைத்தான் வெடிக்கிறார்கள். பொழுதுபோக்காகக் கடைந்து செய்கிறவர்களும் உண்டு.

என் பரிந்துரை 'வேட்டுக்குழல்'. காரணம் சொல்கிறேன்.

தமிழில் வெடி, வேட்டு என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. பேச்சில் இரண்டையும் கலந்துதான் புழங்குகிறோம், கலைச்சொல்லில் பிரித்துக்கொள்ளலாம். பட்டாசில் மருந்தைச் சுற்றிய காகிதமே கிழிந்து சிதறுகிறது, அது வெடி. இந்தக் குழலோ சிதறவே கூடாது. மருந்து எரிந்து உண்டான வாயு வாய் வழியாக ஒரே மூச்சில் வெளியேறி, வெளிக்காற்றை மோதுவதால்தான் சத்தம். இதை வேட்டு என்போம். கோயில் திருவிழாவில் மண்ணில் நட்டு வைக்கிற இரும்புக் குழலுக்கு அதிர்வேட்டு என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. கேரளத்தில் கதினா என்பார்கள். அது வானம் பார்த்து நிற்கும், இது படுத்திருக்கும். மற்றபடி ஒரே குடும்பம்.

> தமிழில் 'வெற்றுவேட்டு' என்ற சொல்லே இருக்கும்போது புதிதாக எதற்கு?

குழுமத்து அம்மையார் ஒருவர் எழுதிய இந்த வரிதான் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. குண்டில்லாமல் சுடுவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. வாய்ச்சொல் வீரனைத் திட்டுகிற சொல்லாகிவிட்டதே என்று சிலர் தயங்கினார்கள், அது பெரிய தடை இல்லை. என் பயம் வேறு. 'வெற்று' என்று கேட்டால் ஆபத்தில்லை என்று மனசில் பதிந்துவிடும். 1984இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர், படப்பிடிப்பு இடைவேளையில் குண்டில்லாத தோட்டா போட்ட கைத்துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாக அழுத்தினார். உள்ளே இருந்தது காகிதத் தக்கை மட்டுமே. அது மோதிய வேகத்தில் மண்டையோடு உடைந்து, சில நாளில் இறந்துபோனார். 2025 தீபாவளியில் மத்தியப் பிரதேசத்தில் கார்பைட் கல்லும் தண்ணீரும் போட்டு வெடிக்கிற குழாய்களால் எத்தனையோ குழந்தைகளின் கண் கெட்டது. வெடிக்கவில்லையே என்று வாய்க்குள் எட்டிப் பார்க்கும் நேரம் பார்த்து அது வெடிக்கும். குண்டு இல்லாவிட்டாலும் குழலின் வாய் வாய்தான். இதை மறைக்கிற பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இங்கே பழனி மலையில் இது ஏட்டுப் பேச்சு இல்லை. கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்கள் இரவெல்லாம் காட்டுமாட்டுக்கும் பன்றிக்கும் காவல் இருக்கவேண்டியிருக்கிறது. தகரம் தட்டுவது, பட்டாசு போடுவது, கேஸ் உருளை பொருத்திய தானியங்கிக் குழல் வைப்பது என்று ஆளுக்கொரு வழி. இந்தக் கேஸ் குழலும் வேட்டுக்குழல்தான், மருந்துக்குப் பதில் வாயு. ஆக ஒரே பெயர் இரண்டுக்கும் பொருந்தும்.

'குறிவேட்டு' என்ற யோசனையை விட்டுவிடலாம். குறி என்றதும் குறிபார்த்துச் சுடுவதுதான் நினைவுக்கு வரும், பொருள் தலைகீழாகிவிடும். நேரம் சொல்வதற்கு மட்டும் 'நேரவேட்டு' நன்றாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையில் 1861இலிருந்து மதியம் ஒரு மணிக்கு ஒலிப்பது அதுதான். அங்கே இன்னொன்றும் கவனித்தார்கள்: ஒலி ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 3 நொடி ஆகிறது, ஆகவே ஊரின் எந்த மூலைக்கு எத்தனை நொடி தாமதம் என்று வரைபடமே போட்டார்கள்.

அடுத்தது சத்தத்துக்கான சொல். குழல் போடும் அந்த ஒற்றைச் சத்தத்தை 'வேட்டொலி' என்போம். இரைச்சல் என்று மொழிபெயர்ப்பது தவறு. இரைச்சல் தொடர்ந்து இருப்பது, இதுவோ கண் இமைப்பதற்குள் முடிகிறது. சராசரி எடுத்தால் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும், உச்சத்தை அளந்தால்தான் காதுக்கு என்ன ஆகும் என்பது தெரியும். நம் நாட்டில் பட்டாசுக்கு வைத்த வரம்பும் உச்சத்தைக் கணக்கில் எடுக்கிறது: 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல், வேறொரு அளவுமுறையில் உச்சம் 145. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் 125 என்பது 128 மீட்டரில் 95 ஆகிவிடும்.

மலையில் இந்தக் கணக்கு அப்படியே நடப்பதில்லை. பொழுது சாய்ந்தபின் குளிர்காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்குகிறது, மேலே இருப்பது அதைவிடச் சூடான காற்று. மேலே போகும் ஒலி அதில் வளைந்து திரும்பக் கீழே வரும். எதிர்ச்சரிவின் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். பகலில் பக்கத்துத் தோட்டத்துக்கே மங்கலாகக் கேட்ட வேட்டு, இரவில் அடுத்த ஊர்க் குழந்தையை எழுப்பிவிடும். இரவு 10 முதல் காலை 6 வரை பட்டாசு கூடாது என்ற விதியின் அருமை மலைக்காரர்களுக்குக் கூடுதலாகவே தெரியவேண்டும்.

> குழல் எதற்கு, 'வேட்டுக்குழாய்' இன்னும் எளிது.

எளிதுதான், அதனாலேயே வேண்டாம் என்கிறேன். குழாய் என்று எழுதினால் படிக்கிற பையன் தண்ணீர்க் குழாயைத்தான் தேடுவான். பிளாஸ்டிக் குழாய் பிளந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும், உடம்பில் ஏறிய சில்லு எக்ஸ்ரேயில்கூடச் சரியாகத் தெரியாது. துப்பாக்கிக்குக் குழல் என்றுதான் காலங்காலமாகச் சொல்கிறோம், அந்த எச்சரிக்கை இந்தச் சொல்லிலும் இருக்கட்டும்.

கூடலூர், கோத்தகிரி நண்பர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் தோட்டங்களில் அந்தக் கேஸ் குழலை வேலையாட்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால் என்னுடையதைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.