மாசியில் போட்ட காய்கறித் தோட்டம்: எனக்கு நடந்தது இது, உங்களுக்கு?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

நான் பொள்ளாச்சிப் பக்கம் செம்மண்ணில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடையிலும் பஸ்ஸிலும் தமிழ் பேசியே காலம் தள்ளலாம். மண்ணும் கேரளத்து மண் மாதிரி இருக்காது. சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் கரிசல். அதை நான் சாதாரணமாக நினைத்ததுதான் தப்பு.

போன வருஷம் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த 3 சென்ட் இடத்தைப் பார்த்து ஆசை வந்தது. வெண்டை, கத்தரி, பயறு, அப்புறம் கணி வெள்ளரி, விஷு விடியலில் கண்விழித்துப் பார்க்க உருளியில் வைக்கிற மஞ்சள் வெள்ளரி. வெள்ளரி விதை போட்டு 60, 70 நாளில் பழுத்துப் பொன்னிறமாகும். தை கடைசியில் போட்டால் விஷுவுக்கு, அதாவது எங்கள் அம்மா வீட்டுச் சித்திரைக்கனிக்கு, சரியாக வரும் என்று விரல் விட்டு எண்ணி வைத்திருந்தேன்.

செய்முறை எல்லாம் போனில் பார்த்ததுதான். நான் பார்த்த மலையாள வீடியோக்கள் அத்தனையிலும் முதல் வேலை ஒன்றே: மண்ணைக் கிளறிச் சுண்ணாம்பு போட்டு, தண்ணீர் தெளித்து, இரண்டு வாரம் விடவேண்டும். நானும் குழிக்கு ஒரு கை அள்ளிப் போட்டேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

முளைத்ததும் முதலில் வந்தது மயில். ஒன்று இரண்டல்ல, ஏழு. விடிகாலையில் வரிசையாக நடந்து வந்து, வெண்டையின் இரண்டு இலைத் துளிரை ஒவ்வொன்றாகக் கிள்ளித் தின்றுவிட்டுப் போயின. வெள்ளரியிலும் பாதி போயிற்று. சட்டப்படி மயிலை ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் மனசு வராது. பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினேன். மதில் மேல் ஏறி உள்ளே குதித்தன. பழைய கேசட் நாடாவை இழுத்துக் கட்டினால் காற்றில் விர்ரென்று சத்தம் வரும், பறவை வராது என்றார்கள். கணவாய்க் காற்று அடிக்கிற ஊரில் சத்தத்துக்குக் குறைவில்லை. நாங்கள்தான் தூங்கவில்லை. கடைசியில் நாற்றுக்கு மேல் மீன்வலையை வளைத்துப் போட்டதும்தான் தப்பித்தது. மூன்று வாரம் மூடி வைத்தால் போதும், தண்டு முற்றிவிட்டால் மயில் அவ்வளவாகத் தொடுவதில்லை.

தப்பித்த செடிகளும், மயில் தின்ற இடத்தில் மறுபடி விதைத்து வந்தவையும் மாசி கடைசியில் மஞ்சளடித்தன. இலை முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, அதுவும் கொழுந்தில்தான் அதிகம். உரம் போதவில்லை என்று மேலும் போட்டேன். இன்னும் மஞ்சள். பக்கத்துத் தோட்டத்து ஐயா வந்து பார்த்துவிட்டு, ஒரு கட்டி மண்ணை எடுத்து அதில் எங்கள் வீட்டு வினிகரை ஊற்றச் சொன்னார். நுரைத்தது. "இந்த மண்ணுல சுண்ணாம்பு ஏற்கெனவே கிடக்குது அம்மணி, நீ வேற போட்டியா?" என்றார். போர் தண்ணீரும் பாத்திரத்தில் வெள்ளை படிகிற உப்புத் தண்ணீர். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் போய்விடுகிறது. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயந்தரம் இலையில் தெளித்தேன். புதுக் கொழுந்து பச்சையாக வந்தது. பழைய இலை கடைசி வரை மஞ்சள்தான்.

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கலாமே அத்தை" என்றேன்.

"நீதான் போனைப் பார்த்துச் செய்யறியே, அதுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

நெம்மாறையிலிருந்து:

அக்கா, சுண்ணாம்பை ஒரேயடியாகத் திட்டிவிடாதீர்கள். எங்கள் மண் புளித்த செம்மண், அதாவது அமிலம் கூடியது, அதைத் தணிக்கத்தான் சுண்ணாம்பு. முதல் வருஷம் சுண்ணாம்பு இல்லாமல் கத்தரி நட்டேன். நன்றாக வளர்ந்து பூ விட்ட செடி ஒரே நாளில், பச்சை இலையோடு, வெந்நீர் ஊற்றியதுபோல் தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று குடம் குடமாக ஊற்றினேன். தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி இழை இழையாக இறங்கியது. பாக்டீரியா வாடல். அதற்கு மருந்தடித்துப் பயனில்லை. அடுத்த முறை இடத்தை மாற்றி, சுண்ணாம்பும் போட்டு, கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் 'ஹரிதா' ரகம் நட்டேன். நீளப் பச்சைக் காய். நின்றது.

வண்டித்தாவளத்திலிருந்து:

அம்மணி, பூசணி, வெள்ளரி, பாகல் போடுகிறவர்கள் பழ ஈயைச் சொல்லாமல் விட்டீர்களே. பிஞ்சில் குத்தி முட்டை வைத்துவிடும், காய் கோணி அழுகும். துளசி இலையைக் கசக்கிச் சிரட்டையில் போட்டுத் தொங்கவிட்டேன், ஈ குவிந்தது, எனக்கு ஒரே பெருமை. காய் அழுகுவது நிற்கவில்லை. விசாரித்தால், துளசி வாசனைக்கு வருவது மாம்பழ ஈயாம். இந்த ஈ வேறு ஜாதி, அதற்குக் 'கியூலூர்' என்ற, இந்த ஈயை இழுக்கிற மருந்து வைத்த பொறி வேண்டும். இப்போது பொறியும் உண்டு, பாகல் பிஞ்சுக்குப் பழைய பேப்பரில் உறையும் உண்டு. அழுகியதைச் செடியடியில் போடாமல் தண்ணீரில் முக்கிவிடுங்கள். புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டிவிட்டால் திரும்ப முதலிலிருந்து.

சேனைக்கும் இதுதான் மாசம். "கும்பத்தில் நட்டால் குடத்தோளம், மீனத்தில் நட்டால் மீன்கண்ணோளம்" என்பார்கள் இங்கே. கும்பம் நம் மாசி. நான் ஒரு தடவை சோம்பலில் பங்குனிக்குத் தள்ளினேன். மீன்கண் அளவு இல்லை, தேங்காய் அளவு வந்தது!

காந்தல்லூரிலிருந்து:

ஏழு மயிலுக்கே இவ்வளவு கதையா? எங்கள் வீட்டுப் பீன்ஸ் பந்தலை யானை ஒரு காலால் முடித்தது. முட்டைக்கோஸ் முழுக்க அதன் வயிற்றில். பூண்டைத் தொடவில்லை. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மறுபடியும் கொழிஞ்சாம்பாறை:

யானைக்கு முன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். வெள்ளரி என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள். மறுவிதைப்பில் 18 நாள் போய்விட்டதே, விஷுவுக்கு முதல் நாள் கொடியில் இருந்தது மூன்று காய், மூன்றும் பச்சைக் கோடு மாறாதவை. வேலந்தாவளம் சந்தையில் நல்ல மஞ்சள் காயாக ஒன்று வாங்கி வைத்திருந்தேன். விடியற்காலையில் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய் உருளி முன்னால் நிறுத்தினார்கள். சந்தைக் காய் அடுக்களையில் இருந்தது. கொன்றைப் பூவுக்கு நடுவில் என் பச்சைக் காயைத்தான் அத்தை வைத்திருந்தார்.