கர்னல் பதிவில் ஏசிபிஐ போர்ட் எச்சரிக்கை: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நான் ஆரம்பிக்கிறேன். ஃப்ரீபிஎஸ்டி என்ற ஓஎஸ் ஓடும் லேப்டாப். ‘போர்ட் 70-ல் தவறாக எழுதப்படுகிறது’ என்கிற மாதிரி ஒரு ஏசிபிஐ (மின்சக்தி, வன்பொருள் விஷயங்களில் பயாஸும் ஓஎஸும் பேசிக்கொள்ளும் முறை) வரி டிமெசேஜில், அதாவது கர்னல் பதிவில், வரும் (போர்ட் என்பது வன்பொருளோடு பேசும் முகவரி; எண்கள் எல்லாம் ஹெக்ஸ்). பூட் ஆகும்போது வராது, தூங்க வைத்து எழுப்பினால் மட்டும் வரும். அதுதான் உறுத்தியது.

70, 71 இரண்டும் கடிகாரச் சிப்புக்கும் சிமாஸ் நினைவகத்துக்கும் (பயாஸ் அமைப்புகள் இருக்கும் சின்ன நினைவகம்) உள்ள வாசல். எந்த ரெஜிஸ்டர் (சிப்புக்குள் உள்ள சின்னச் சேமிப்பிடம்) வேண்டும் என்பதை 70-ல் எழுதிவிட்டு, மதிப்பை 71-ல் படிக்கவோ எழுதவோ வேண்டும். கர்னல் முதல் படியை முடித்து இரண்டாவதுக்குப் போவதற்குள் பயாஸின் ஏஎம்எல் நிரல் (ஏசிபிஐக்காகப் பயாஸ் தருவது, ஓஎஸ் ஓட்டுவது) 70-ல் வேறு எண்ணைப் போட்டுவிட்டால், கர்னல் எழுதுவது சம்பந்தமில்லாத ரெஜிஸ்டரில் போய் விழும். கர்னலுக்குள் இதற்கு ஒரு பூட்டு உண்டு. ஏஎம்எல் நேராகப் போர்ட்டைத் தொட்டால் அந்தப் பூட்டு அதைக் கட்டுப்படுத்தாது. போதாததற்கு, 70-ன் மேல் பிட் என்எம்ஐ என்ற அவசர இன்டரப்ட்டை (வன்பொருள் அனுப்பும் குறுக்கீட்டை) அடைத்து வைக்கும் பிட் வேறு.

ஏசிபிஐடம்ப் கருவியால் பயாஸின் ஏசிபிஐ டேபிள்களை எடுத்து, ஐஏஎஸ்எல் கருவி கொண்டு படிக்கும்படி பிரித்து, போர்ட்டுகளைக் குறிக்கும் ‘சிஸ்டம்ஐஓ’ என்று தேடினேன். 70-ல் தொடங்கி இரண்டு பைட்டுக்கு ஓர் ஆப்பரேஷன் ரீஜியன் (ஏஎம்எல் தொடும் முகவரிப் பகுதி) டிஎஸ்டிடி என்ற முக்கிய டேபிளில் கிடைத்தது. அதைத் தொடுவது ‘_பிடிஎஸ்’ மெத்தட். அதாவது, தூங்கப் போகும் முன் ஓஎஸ் கூப்பிடுவது. எந்தத் தூக்க நிலை என்று சிமாஸில் குறித்து வைக்கிறது. இந்த வேலைக்கென்றே ‘சிஸ்டம்சிமாஸ்’ என்ற வகை ஏசிபிஐயில் இருக்கிறது. எழுதியவருக்குப் பழைய வழியே கைக்கு வந்திருக்கும்!

நான் ஓட்டிய ஃப்ரீபிஎஸ்டி பதிப்பு வழக்கமாக வரியை மட்டும் அச்சிடும். ‘பிளாக்_பேட்_ஐஓ’ என்ற டியூனபிளை (மாற்றக்கூடிய கர்னல் அமைப்பை) 1 ஆக்கினால் தடுத்தும் விடும். போட்டுப் பார்த்தேன். எழுந்தபோது திரை வெளிச்சம் திரும்பவில்லை. அந்தக் குறிப்பை நம்பித்தான் ஃபர்ம்வேர் திரையை எழுப்புகிறது போல. மறுபடி 0. வரி வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

* * *

என்னுடையது லினக்ஸ் டெஸ்க்டாப். சென்சார் டிரைவர் ஏறவே இல்லை, ‘ரிசோர்ஸ் பிஸி’ என்றது. டிமெசேஜில் 295-296 என்ற ஐஓ போர்ட் ரேஞ்ச் ஓர் ஆப்பரேஷன் ரீஜியனோடு மோதுகிறது என்ற எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்கிறார்கள்: பூட் வரியில் ‘ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்ஸஸ்=லாக்ஸ்’ (lax, கண்டிப்பைத் தளர்த்து என்று). 2009-ல் வந்த 2.6.31 கர்னலிலிருந்து இயல்பு நிலை ‘ஸ்ட்ரிக்ட்’, அதாவது மோதினால் டிரைவரை ஏற்றாதே. அதனால்தான் அதற்கு முன் ஏறிக்கொண்டிருந்த டிரைவர்கள் அப்போது திடீரென்று நின்றன.

லாக்ஸ் போட்டதும் டிரைவர் ஏறியது, விசிறி வேகம் எல்லாம் தெரிந்தது. ஆனால் வெப்பநிலை வரைபடத்தில் அவ்வப்போது அபத்தமான முட்கள். கொஞ்ச நேரம் கவனித்ததில் பிடிபட்டது: ஏசிபிஐ தெர்மல் ஸோனை (ஏசிபிஐ வழியாகப் பயாஸ் சொல்லும் வெப்பநிலையை) படிக்கும் இன்னொரு புரோகிராம் ஓடும்போதுதான் அவை வருகின்றன. அங்கே ‘_டிஎம்பி’ மெத்தட் அதே 295, 296 வழியாக அதே சிப்பைப் படிக்கிறது. மேலே சொன்ன 70-71 கதைதான், சிப் மட்டும் வேறு. தப்பாகப் படித்தால் வரைபடம் கெடும், அவ்வளவுதான். தப்பான ரெஜிஸ்டரில் எழுதினால்? விசிறியைக் கட்டுப்படுத்துவதும் அதே சிப்தான். விசிறி வேகத்தை ஸ்கிரிப்ட் வைத்து மாற்றுகிறவர்கள் லாக்ஸ் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

லாக்ஸை எடுத்துவிட்டேன். புதிய கர்னல்களில் சில போர்டுகளுக்கு அதே டிரைவர், போர்டின் டபிள்யூஎம்ஐ மெத்தட் (பயாஸ் நிரலை ஓஎஸ் கூப்பிடும் ஒரு வழி) வழியாகவே சிப்பைப் படிக்கிறது. என் போர்டும் அந்தப் பட்டியலில் இருந்தது, மோதல் போயிற்று. பட்டியலில் இல்லாதவர்கள் தெர்மல் ஸோன் காட்டும் ஒற்றை எண்ணோடு சமாளிக்க வேண்டியதுதான்.

* * *

எனக்கு வந்தது எஸ்எம்பஸ் (போர்டில் சிறு சிப்புகளை இணைக்கும் தடம்) வகை. ‘பயாஸ் எஸ்எம்பஸ் ரெஜிஸ்டர்களைத் தொடுகிறது’ என்று ஐ2சி_ஐ801 டிரைவர் ஒரு வரி போடும். அதற்குப் பின் அதுவே ஒதுங்கிக்கொள்ளும். மெமரி ஸ்டிக்கின் எஸ்பிடியை (ஸ்டிக் தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலை) படிக்கக் கேட்டால் ‘பிஸி’ என்பதுதான் பதில். ரீபூட் செய்தால் கொஞ்ச நேரம் வேலை செய்யும், பயாஸ் மறுபடி தொட்டதும் அதே கதை. ஸ்டிக் கெட்டுவிட்டது என்று மாற்றப் போகிறவர்கள் முதலில் டிமெசேஜைப் பாருங்கள்.

* * *

விண்டோஸிலும் இது உண்டு. ஈவென்ட் வியூவரில் ஏசிபிஐ பெயரில் 4, 5 என்ற எண்களில் வரும்: பயாஸ் சட்டவிரோத ஐஓ போர்ட்டைப் படிக்கிறது, எழுதுகிறது என்று. எக்ஸ்பி முதல் சில போர்ட்டுகளை அது தடுக்கிறது. லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் பயன்படுத்தும் ஏசிபிஐசிஏ நிரலிலும் இதைப் பார்த்து எழுதிய ஒரு பட்டியல் இருக்கிறது. 20-21 மாதிரி இன்டரப்ட் கன்ட்ரோலர் போர்ட்டுகள் எப்போதுமே கூடாது. 70-71, பிசிஐ அமைப்புக்கான சிஎஃப்8 போன்றவை, பயாஸ் ‘_ஓஎஸ்ஐ’ (எந்த ஓஎஸ் என்று கேட்கும் மெத்தட்) மூலம் எக்ஸ்பியையோ அதற்குப் பிந்தையதையோ விசாரித்திருந்தால் மட்டும் கூடாது. விண்டோஸ் 2000 காலத்து டேபிள்கள் உடையக் கூடாதே என்பதற்கான சலுகை.

நான் பார்த்த சர்வரில் இந்த வரி ஓயாமல் வந்தது. ஃபர்ம்வேரின் புதிய பதிப்பை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் டிஎஸ்டிடியைப் பிரித்து டிஃப் (வேறுபாடு) பார்த்தேன். 70-ன் ஆப்பரேஷன் ரீஜியன் அப்படியே இருந்தது. அதைக் கூப்பிட்ட பேட்டரி மெத்தட்டைத்தான் காணோம். சர்வரில் பேட்டரி எதற்கு என்று என்னிடம் கேட்காதீர்கள்.