யாங்கோனிலிருந்து குன்மிங் செல்லும் சபைக் குழு: விசா, புத்தகங்கள், பணம் குறித்து ஆலோசனை வேண்டும்

தாம்வே சகோதரி எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து எட்டுப் பேர் வரும் அக்டோபரில் பத்து நாட்களுக்குச் சீனாவின் குன்மிங் நகருக்குச் செல்ல ஆயத்தமாகி வருகிறோம். அவர்களில் மூவர் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஒருவர் சைவம் மட்டுமே உண்பவர். அங்கே அரசுப் பதிவு பெற்ற சபையில் ஞாயிறு ஆராதனையில் கலந்துகொள்வதும், லீசு இன விசுவாசிகளைச் சந்திப்பதும் எங்கள் நோக்கம். ஏற்பாடு முழுவதும் என் தலையில் விழுந்திருக்கிறது. எங்களில் ஒருவருமே சீனாவுக்குப் போனதில்லை. சீன எல்லையிலுள்ள முசே ஊர் வரை போய் வந்த ஓர் அண்ணன் மட்டும் "எல்லாம் நம் ஊர் போலத்தான்" என்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

எந்த வகை விசாவுக்கு விண்ணப்பிப்பது, வேதாகமங்களையும் கைப்பிரதிகளையும் கொண்டுபோகலாமா, பணத்துக்கும் கைப்பேசிக்கும் என்ன வழி என்பவற்றை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மோல்மேன் ஆசிரியர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் ஒரு குழுவோடு போய் வந்தவன் என்பதால் முதலில் விசாவைப் பற்றியே சொல்லுகிறேன். நம் மியன்மா நாட்டுச் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். 55 நாட்டவருக்குச் சீனா அளிக்கும் 240 மணி நேர விசா இல்லாத இடைத்தங்கல் சலுகையைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டு யாராவது உங்களிடம் வருவார்கள். அந்தப் பட்டியலில் நம் நாடு இல்லை. சுற்றிப் பார்த்து, ஆராதனையில் மற்றவர்களோடு அமர்ந்து வருவதென்றால் 'எல்' எனப்படும் சுற்றுலா விசா போதும். உங்கள் போதகர் பிரசங்கிக்கப் போகிறார் என்றால் நிலைமை வேறு: மாகாண அளவிலான மத அமைப்பின் அழைப்பின் பேரில்தான் வெளிநாட்டுப் போதகர் ஒருவர் பதிவு பெற்ற சபையில் பேச முடியும். ஆகவே அந்த அழைப்பு கையில் கிடைக்கும்வரை "நம் போதகர் அங்கே பேசுவார்" என்று சபையில் அறிவிக்க வேண்டாம்.

வெளிநாட்டவரின் மத நடவடிக்கைகள் பற்றிய சீன விதிமுறை 1994இல் வந்தது. அதன் செயலாக்க விதிகள் திருத்தப்பட்டு 2025 மே 1 முதல் நடப்பில் உள்ளன. பதிவு பெற்ற ஆலயத்தில் வெளிநாட்டவர் வழிபடலாம். சீனக் குடிமக்களிடையே விசுவாசிகளைச் சேர்ப்பதும், மதப் பிரசுரங்களை விநியோகிப்பதும் கூடாது. இதில் "கொஞ்சம் மட்டும்" என்ற இடைவழி கிடையாது. நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அங்கேயே வாழும் விசுவாசிகள்தான் என்பதை உங்கள் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

புத்தக விஷயத்தில் எங்கள் தவற்றையே சொல்லிவிடுகிறேன். எங்களோடு வந்த மூத்த சகோதரி ஒருவர், எல்லோருக்கும் சேர்த்துப் பதினெட்டுக் கீர்த்தனைப் புத்தகங்களைத் தம் ஒரே பெட்டியில் அடுக்கி வந்துவிட்டார். சுங்கத்தில் பெட்டி திறக்கப்பட்டது. இளம் அதிகாரி ஒருவர் தமிழ் எழுத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி பக்கம் பக்கமாகப் புரட்ட, நாங்கள் ஒன்றரை மணி நேரம் நின்றோம். அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஒரே புத்தகம் ஒரே பெட்டியில் இத்தனை பிரதி இருப்பதுதான் அவருக்குக் கேள்வி. சட்டம் அனுமதிப்பது சொந்த உபயோகத்துக்கான நியாயமான அளவை மட்டுமே. அவரவர் வேதாகமம் அவரவர் பையில் இருக்கட்டும். கைப்பிரதி ஒன்றுகூட வேண்டாம். சீன வேதாகமங்களைச் சுமந்துபோக வேண்டிய தேவையும் இல்லை. அவை நாஞ்சிங் நகரிலேயே அமிட்டி அச்சகத்தில் கோடிக்கணக்கில் அச்சாகிப் பதிவு பெற்ற சபைகளின் வழியாக விற்கப்படுகின்றன.

குன்மிங் மாணவன் எழுதியது:

அக்கா, நான் இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன். யாங்கோனிலிருந்து விமானம் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். இங்கே கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். நகரம் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரியவர்களுக்கு முதல் நாள் படியேறினாலே மூச்சு வாங்கும். ஆகையால் வந்த அன்றே மேற்கு மலைக்கு அழைத்துச் செல்லும் திட்டம் இருந்தால் மூன்றாம் நாளுக்கு மாற்றிவிடுங்கள். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மாலையில் ஸ்வெட்டர் தேவைப்படும்.

உங்களுக்கு உண்மையான தலைவலி கைப்பேசிதான். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஃபேஸ்புக்கையும் மெசஞ்சரையும் நம்பியிருக்கிறோம். இங்கே அவையும் கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் ஆகியவையும் திறக்காது. புறப்படும் முன்பே எட்டுப் பேரும் வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் கணக்குத் தொடங்கி ஒரு குழுவாக இணைந்துகொள்ளுங்கள். வீட்டாரில் ஒருவராவது அதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பத்து நாளும் வீட்டில் கலங்கிப்போவார்கள். பணம் செலுத்தும் செயலியான அலிபேயையும் ஊரிலேயே நிறுவி, பாஸ்போர்ட்டையும் உங்கள் 'விசா' அல்லது 'மாஸ்டர்' வங்கி அட்டையையும் அதில் பதிந்துகொள்ளுங்கள். சரிபார்ப்பு எண் உங்கள் மியன்மா சிம்முக்குத்தான் வரும் என்பதால் ரோமிங்கை இயக்கி வைத்திருங்கள். வெளிநாட்டு அட்டையில் 200 யுவானுக்கு மேற்பட்ட ஒரே பரிவர்த்தனைக்கு 3 சதவீதக் கட்டணம் உண்டு. அதற்குக் கீழே இல்லை. நம் வங்கி அட்டைகள் சில நேரம் இங்கே மறுக்கப்படுவதால் யுவான் நோட்டும் வேண்டும். கடைக்காரர் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது விதி, ஆனால் பலரிடம் சில்லறை இருக்காது. பத்து, இருபது யுவான் நோட்டுகளாகவே வைத்திருங்கள். நம் மியன்மா சாட் நோட்டை இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சைவ உணவு உண்பவருக்காக, "இறைச்சியும் மீனும் உண்பதில்லை" என்பதைச் சீன எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சைவம் என்று சொன்ன பிறகும் பன்றிக்கொழுப்பில் வதக்கிய கீரை வரக்கூடும், அதையும் சேர்த்து எழுதுங்கள். ஆட்டுப்பாலில் செய்யும் 'ரூபிங்' என்ற பாற்கட்டியைப் பொரித்துத் தருவார்கள், நம் பன்னீரேதான். இதை நான் கண்டுபிடித்த நாளில் அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மழைக்காலக் காட்டுக் காளான்களை மட்டும் சரியாக வெந்ததா என்று பார்க்காமல் தொட வேண்டாம். அரைவேக்காட்டில் தின்று, கண்முன் குட்டி மனிதர்கள் ஆடுவதைக் கண்டவர்கள் இந்த ஊரில் உண்டு.

லீசு விசுவாசிகளைச் சந்திக்கும்போது அவர்களுடைய வேதாகமத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் நேராகவும் தலைகீழாகவும் நிற்கும். முதலில் அச்சுப் பிழை என்றே நினைத்தேன். 1915 வாக்கில் அந்த எழுத்தை முதலில் வகுத்தவர் நம் நாட்டுக் கரென் இனப் போதகர் பா தாவ். பிறகு அதைச் செம்மைப்படுத்தியவர் மிஷனரி ஃபிரேசர். அதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.

தாம்வே சகோதரி எழுதியது:

தம்பிக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். அங்குள்ள ஒரு குடும்பம் எங்களில் இருவரைத் தங்கள் வீட்டில் தங்க அழைத்திருக்கிறது, ஏற்கலாமா? மேலும், தெருவில் அறிமுகமான ஒருவர் குன்மிங்கில் இருக்கும் உறவினருக்குச் சிறு மருந்துப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுபோகச் சொல்கிறார்.

மொகல் தெரு வியாபாரி எழுதியது:

மகளே, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லுகிறேன்: வாங்காதே. அவர் சபையார் ஆனாலும், அழுதாலும் வாங்காதே. குன்மிங் இருக்கும் யுன்னான் மாகாணம், போதைப்பொருளுக்குப் பேர்போன தங்க முக்கோணத்தை ஒட்டியது. அதற்குள் நம் பாஸ்போர்ட்டோடு நுழைகிறவரின் பையை அவர்கள் கவனமாகவே பார்ப்பார்கள். 50 கிராம் ஹெராயின் கடத்தினாலே மரண தண்டனை வரை விதிக்க இடமுள்ள நாடு அது. பொட்டலத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்ற வார்த்தையை அங்கே யார் நம்புவார்கள்? உங்கள் பெரியவர்களின் மருந்துகளையும் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். இறைச்சி சேர்ந்த ஊறுகாய், பழம், பால் பொருள் எதுவும் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

வீட்டில் தங்குவது குற்றமன்று. ஆனால் விடுதிக்கு வெளியே தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் அப்பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரரும் உடன் போக நேரிடும். விடுதியில் தங்கினால் அந்தப் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். அழைத்த குடும்பத்துக்கு அலைச்சல் வேண்டாம் என்றால் எட்டுப் பேரும் ஒரே விடுதியில் தங்கிவிட்டு, அவர்கள் வீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போய் வாருங்கள். முன்பதிவு செய்யும்போதே வெளிநாட்டவரை ஏற்கும் விடுதியா என்று கேட்டுவிடு.

இன்னொன்று. அதிவேக ரயில்கள் பெரும்பாலும் நகரத்துக்கு வெகு தொலைவிலுள்ள தெற்கு நிலையத்திலிருந்துதான் புறப்படுகின்றன. பாஸ்போர்ட் எண்ணில் எடுத்த பயணச்சீட்டு என்பதால் நம்மைத் தானியங்கி வாயில் விடாமல் ஆள் நிற்கும் வாயிலுக்கு அனுப்பலாம். சோதனையில் பழம் வெட்டும் கத்தியைக்கூட எடுத்துவிடுவார்கள். முதியவர்களோடு போகிறாய், ஒரு மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இரு.

தாம்வே சகோதரி எழுதியது:

ஐயா, பொட்டலக்காரருக்கு இன்று மாலையே முடியாது என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டு போய்விட்டார். விடுதியை எட்டுப் பேருக்கும் சேர்த்தே பதிவு செய்கிறேன். அழைப்புக் கடிதம் வருமா என்று போதகர் எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் வந்த பிறகே விசா விண்ணப்பத்தை நிரப்புவோம்.