16 டெஸ்க்டாப் சேர்த்த கிளஸ்டர், ஒற்றைக் கணினியை விட மெதுவாக ஓடுகிறது – உதவி தேவை

கேட்பவர்: லேப்_கிளஸ்டர்

வணக்கம் நண்பர்களே. பல்கலைக்கழகத் துறை லேபில் உள்ள 16 டெஸ்க்டாப்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டர் கட்டியிருக்கிறோம். எல்லாம் ஒரே மாடல்: 4 கோர், 8 த்ரெட், 3.2 கிகாஹெர்ட்ஸ், ஏவிஎக்ஸ்2 வசதி, 16 ஜிபி ரேம். 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச். உபுண்டு, ஓப்பன் எம்பிஐ (கணினிகளுக்கு இடையே பிராசஸ்கள் பேசிக்கொள்ள), ஓப்பன் பிளாஸ் (அணிக் கணக்கு நூலகம்), ஹெச்பிஎல் (பெரிய சமன்பாட்டு அணியைத் தீர்த்து வேகம் அளக்கும் சோதனை). ஹோம் டைரக்டரி தலைக்கணினியிலிருந்து என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) வழியாக எல்லாக் கணினிக்கும் போகிறது.

ஒரே கணினியில் ஹெச்பிஎல் ஓட்டினால் (அணியின் பக்க அளவான ‘என்’ 40000) 158 கிகாஃப்ளாப்ஸ் (நொடிக்கு 158 × நூறு கோடி கணக்கு) வருகிறது. அதே ‘என்’ அளவில் 16 கணினியிலும் சேர்த்து, கணினிக்கு 8 வீதம் 128 பிராசஸ், அவற்றை அடுக்கும் கட்டம் பி 8 × கியூ 16 என்று ஓட்டினால் 91தான். சில நேரம் தொடக்கத்திலேயே உறைந்து நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, கோர்கள் மட்டும் 100 சதவீதம் காட்டுகின்றன. எங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்?

பதில்: முறுக்குக்கம்பி

ஹெச்பிஎல் அமைப்பைத் தொடுவதற்கு முன்னாடி கேபிளைப் பாருங்க. ஒன்றை விட பதினாறு மெதுவாக இருந்தால் எங்கேயோ ஒரு லிங்க் 100 மெகாபிட்டில் ஓடுது என்பதுதான் என் முதல் சந்தேகம். கிகாபிட்டுக்கு கேபிளில் உள்ள நாலு ஜோடி கம்பியும் வேணும். 100 மெகாபிட்டுக்கு ரெண்டு ஜோடி போதும். கிரிம்ப் சரியாக உட்காராமல் மற்ற ரெண்டு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் பல லேன் கார்டுகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிடும். விளக்கு எரியும், பிங் போகும், எஸ்எஸ்ஹெச் வேலை செய்யும். சாதாரண உபயோகத்தில் வித்தியாசமே தெரியாது.

ஒவ்வொரு கணினியிலும் ஈத்டூல் ஓட்டி வேகம் 1000 என்று வருதா பாருங்க. அப்புறம் தலைக்கணினியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3. சுமார் 940 மெகாபிட் வரணும். 94 வந்தால் கையோடு கேபிளை மாத்துங்க. ரெண்டு திசையிலும் சோதிக்கணும். ஹெச்பிஎல் ஒவ்வொரு படியிலும் எல்லாருக்காகவும் காத்திருக்கும், அதனால ஒரே ஒரு கெட்ட கேபிள் பதினாறையும் பிடிச்சு இழுத்துடும்.

பதில்: சாக்கெட்_திறந்தவர்

உறைந்து நிற்பது வேறு பிரச்சினை. ஏதாவது கணினியில் டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) அல்லது மெய்நிகர் கணினி மென்பொருள் நிறுவியிருக்கிறீர்களா? டாக்கர் வழக்கமாக 172.17.0.1 என்ற முகவரியோடு ஒரு பிரிட்ஜ், அதாவது மெய்நிகர் நெட்வொர்க் இடைமுகம், உருவாக்கும். இரண்டு கணினியில் அதே முகவரி இருந்தால் ஓப்பன் எம்பிஐ அதையும் ஒரு வழியாக எடுத்துக்கொண்டு, அடுத்த கணினிக்குப் போவதாக நினைத்துத் தன்னையே கூப்பிட்டுக் காத்திருக்கும். காத்திருக்கும்போதும் விடாமல் சரிபார்த்துக்கொண்டே இருப்பதால்தான் கோர் 100 சதவீதம் காட்டுகிறது. ஓட்டும் கட்டளையில் டிசிபி இடைமுகப் பட்டியலுக்கு உங்கள் சுவிட்ச் இருக்கும் சப்நெட்டை (முகவரி வரம்பை) மட்டும் கொடுங்கள்.

ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பாருங்கள். உபுண்டு தன் பெயருக்கு 127.0.1.1 என்று எழுதி வைத்திருக்கும். அந்த வரியை நீக்கி, 16 பெயருக்கும் உண்மையான முகவரியை எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஃபயர்வாலில் எஸ்எஸ்ஹெச் போர்ட்டை மட்டும் திறந்தால் போதாது. எம்பிஐ நினைத்த போர்ட்டை எடுக்கும். உள் சப்நெட் முழுவதையும் அனுமதியுங்கள்.

லேப்_கிளஸ்டர்

இரண்டு கணினி 100இல் இருந்தன, கேபிள் மாற்றியாயிற்று. மூன்றில் டாக்கர் இருந்தது. சப்நெட்டைக் குறிப்பிட்ட பிறகு உறைவதில்லை. இப்போது 330 கிகாஃப்ளாப்ஸ். 16 மடங்கு எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் இரண்டு மடங்குதானா?

பதில்: அணிக்கோவை

உங்கள் உச்ச வரம்பை முதலில் கணக்கிடுங்கள். 4 கோர் × 3.2 × சுழற்சிக்கு 16 செயல் = கணினிக்கு 204.8 கிகாஃப்ளாப்ஸ். பதினாறுக்கும் சுமார் 3.28 டெராஃப்ளாப்ஸ். ஒற்றைக் கணினியின் 158 என்பது 77 சதவீதம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோளாறு ‘என்’ அளவில்தான். 40000 என்பது 12.8 ஜிபி அணி. ஒரு கணினியின் ரேமுக்கு அது பொருத்தம், பதினாறுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 0.8 ஜிபிதான். கணக்கு ‘என்’னின் மும்மடிப்படி வளர்கிறது, தகவல் பரிமாற்றம் இருமடிப்படி. ‘என்’ சிறியதாக இருந்தால் நெட்வொர்க்கில் காத்திருப்பதிலேயே நேரம் போய்விடும். மொத்த 256 ஜிபியில் இயங்குதளத்துக்குக் கொஞ்சம் ஒதுக்கி, 80 சதவீதத்தை எடுத்தால் 205 ஜிபி அணிக்குக் கிடைக்கும். என்பி (அணியை வெட்டும் துண்டின் அளவு) 192 என்று வையுங்கள், ‘என்’ 165888. அது 192ஆல் மீதியில்லாமல் வகுபடும். அதற்கு மேல் போனால் ஸ்வாப் தொடங்கி வேகம் படுத்துவிடும். தலைக்கணினியில் டெஸ்க்டாப் திரை ஓடினால் அதையும் நிறுத்துங்கள்.

அடுத்தது 128 பிராசஸ். ஹைப்பர்த்ரெட் இரண்டும் ஒரே கணக்கு அலகைப் பகிர்கின்றன, ஹெச்பிஎல்லுக்கு லாபம் இல்லை. எட்டுப் பிராசஸும் ஒரே லேன் கார்டுக்கு வேறு போட்டி போடுகின்றன. கணினிக்கு ஒரு பிராசஸ், ஓப்பன் பிளாஸுக்கு 4 த்ரெட் என்று மாற்றுங்கள். கோரோடு கட்டிவைக்கும் பைண்டிங்கை நிறுத்த மறக்காதீர்கள். இல்லையென்றால் நான்கு த்ரெட்டும் ஒரே கோரில் முட்டிக்கொள்ளக்கூடும். பி × கியூ கட்டங்கள் 4×4, 2×8 இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஈத்தர்நெட்டில் தட்டையான கட்டம் சில நேரம் முந்தும், முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பெரிய ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு கணினியிலும் தனியாக ‘என்’ 40000 ஓட்டி 16 எண்களையும் ஒப்பிடுங்கள். ஒன்று 120 காட்டினால் ஹீட் சிங்க் தூசு, காய்ந்த தெர்மல் பேஸ்ட், அல்லது மின்சேமிப்பில் நிற்கும் கவர்னர் (சிபியு வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு). அதைச் சரிசெய்யாமல் சேர்த்தால் மற்ற பதினைந்தும் அதன் வேகத்துக்கு இறங்கும். மின்சாரத்தையும் கவனியுங்கள்: முழுச் சுமையில் கணினிக்கு 120 வாட் என்றாலும் மொத்தம் 1920 வாட். ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகாதீர்கள். அவ்வளவும் அறைக்குள் வெப்பமாகத்தான் வரும்.

லேப்_கிளஸ்டர்

அருமை! 4×4இல் 1.41 டெராஃப்ளாப்ஸ், 36 நிமிடம். 2×8இல் 1.31. மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: ஒரு ஓட்டத்தில் வேகம் அதேதான், ஆனால் கடைசியில் விடை சரியா என்று பார்க்கும் எச்சச் சோதனை ‘தோல்வி’ என்று வந்தது. அடுத்த ஓட்டம் தேறியது. விட்டுவிடலாமா?

பதில்: அணிக்கோவை

விடாதீர்கள். கிகாபிட்டில் 43 சதவீதம் நல்ல எண்தான், ஆனால் எச்சம் 16.0ஐத் தாண்டினால் அந்த விடை தவறு. மாணவர்களின் ஆய்வுக் கணக்குக்கு இந்தச் சோதனை இருக்காது, தவறான எண் அப்படியே ஆய்வேட்டுக்குள் போய்விடும்.

டெஸ்க்டாப் ரேமில் பெரும்பாலும் இசிசி (பிட் பிழையைக் கண்டு திருத்தும் வசதி) இல்லை. ஒரு பிட் புரண்டால் சொல்ல ஆளில்லை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2003இல் 1100 பவர் மேக் ஜி5 டெஸ்க்டாப்களை இன்ஃபினிபேண்டில் கோத்துக் கட்டிய சிஸ்டம் எக்ஸ், 10.28 டெராஃப்ளாப்ஸுடன் உலகின் வேகமான கணினிகளின் நவம்பர் 2003 டாப்500 பட்டியலில் மூன்றாமிடம் பிடித்தது. அந்தக் கணினிகளிலும் இசிசி இல்லை. 2004இல் அத்தனையையும் இசிசி ரேம் உள்ள எக்ஸ்சர்வ் சர்வர்களாக மாற்றினார்கள்.

உங்களுக்குச் செய்யக்கூடியது: பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இருந்தால் அணைத்து, ரேமை அதன் அடிப்படை வேகத்தில் ஓடவிடுங்கள். பிறகு 16 கணினியிலும் தனித்தனியாக ஹெச்பிஎல்லை இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். எதில் தோல்வி விழுகிறதோ அதைக் கழற்றி ரேம் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போடுங்கள். ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால் கெட்டது எது என்று தெரிந்துவிடும். குச்சி மாற்றும் வரை ஹோஸ்ட் பட்டியலில் 15 கணினி, கட்டம் 3×5, ‘என்’ 160512.