பேக்லாஷ்: ‘பின்னடிப்பு’ வேண்டாம், ‘பல்லிளக்கம்’ ஆகுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பல்சக்கரப் பொறியியலில் ‘பேக்லாஷ்’ (backlash) எனப்படுவதற்குத் தமிழ்ச்சொல்லாக முந்தைய மடலில் ஒருவர் முன்வைத்த ‘பின்னடிப்பு’ எனக்கு உவப்பாக இல்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லையே! கோத்து நிற்கும் இரு பல்சக்கரங்களின் பற்களுக்கு நடுவே வேண்டுமென்றே விடும் சிறு வெளிதான் பேக்லாஷ். அது இல்லையென்றால் எண்ணெய்ப் படலத்துக்கும் சூட்டில் உலோகம் விரிவதற்கும் இடமிராது. பற்கள் உரசித் தீய்ந்துவிடும். கூடினாலோ, ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கும்போதெல்லாம் ‘கடக்’ என்று இடிக்கும்.

எங்கள் கொழிஞ்சாம்பாறை லாரிக்கு அந்த நோய்தான். போதாக்குறைக்கு ஓர் ஊளைச் சத்தமும் உண்டு. பாலக்காடு–திருச்சூர் நெடுஞ்சாலையில் குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்தால் அது சுவரில் பட்டு இரு மடங்காகத் திரும்பி வரும். உத்தரவாதக் காலம் முடியவில்லை. பணிமனையில் படிவத்தில் ‘சத்தம்’ என்று ஒற்றைச் சொல் எழுதி, ‘இயல்பானதே’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிதிக்கும்போதா, விடும்போதா, வளைவிலா என்று ஒருவரும் கேட்கவில்லை. வளைவில் மட்டும் கேட்டால் அச்சின் நடுவே உள்ள டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களைச் சந்தேகிக்க வேண்டும். நேர்ச்சாலையில் கேட்டால் கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றவைக்கும் சிறிய பினியன், பேரிங். இந்த வேறுபாட்டில்தான் பழுதின் துப்பே இருக்கிறது.

இரண்டாம் முறை போனபோது ஒரு மூத்த மெக்கானிக் நுண்ணிய அசைவையும் முள்ளால் அளந்து காட்டும் டயல் கேஜின் முனையைக் கிரவுன் பல்லில் ஊன்றி, பினியனை அசையாமல் பிடிக்கச் சொல்லி, கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டினார். முள் வரம்பைத் தாண்டியது. “இளக்கம் கூடுதலாணு” என்றார். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட சோடி என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றித் தந்தார்கள்.

அவர் சொன்னது மலையாளம்தான். ஆனால் ‘கயிற்றில் கொஞ்சம் இளக்கம் விட்டுக் கட்டு’ என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? அதில் குறை தொனிப்பதில்லை, அளவாக விட்ட தளர்வுதான் தெரிகிறது. ஆகவே ‘பல்லிளக்கம்’. ஆடும் பல்லை நினைவூட்டும் என்பீர்கள், உண்மைதான். ‘பல்தளர்வு’ என்று வைக்கலாம் என்றால், புணர்ச்சி விதி பார்க்கும் நம் நண்பர்கள் அதைப் ‘பற்றளர்வு’ ஆக்கி, வங்கிப் பற்று வரவில் கொண்டுபோய் விடுவார்கள். ‘பல்லிடுக்கு’ ஒரே வரிசைப் பற்களின் நடுவெளி. இங்கே எதிரெதிர்ப் பற்கள்.

டிஃபரன்ஷியலுக்கு ‘வகையீடு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது நுண்கணிதத்தின் சொல்; வளைவில் வெளிச்சக்கரத்தைக் கூடுதலாகச் சுற்றவிடும் பெட்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதைத் தனி இழையில் பேசுவோம்.