சல்ஃபோனேற்றம்: குடுவையிலும் ஆலையிலும் பார்த்தது

சல்ஃபோனேற்றம் என்றால் பென்சீன் வளையம் போன்ற ஒன்றில் சல்ஃபோனிக் தொகுதியை (SO₃H) ஏற்றுவது. எம்.எஸ்சி. ஆய்வகத்தில் அனிலினிலிருந்து (அமினோ தொகுதி ஒட்டிய பென்சீன்) சல்ஃபானிலிக் அமிலம் செய்தோம். அனிலினில் அடர் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதுமே வெள்ளையாகக் கட்டி தட்டிவிட்டது. வேலை முடிந்தது என்று பக்கத்து மேசையில் ஒரே குஷி. அது அனிலினும் அமிலமும் சேர்ந்த வெறும் உப்புதான். சல்ஃபோனிக் தொகுதி வளையத்தில் ஏற வேண்டுமென்றால் ஆயில் பாத்தில் 180–190 டிகிரியில் ஐந்து மணி நேரம் போல வைக்க வேண்டும். முடிந்ததா என்று பார்க்கும் முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கலவையில் இரண்டு சொட்டு எடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் விட வேண்டும். கலங்கினால் அனிலின் மிச்சம் இருக்கிறது, தெளிவாகக் கரைந்தால் அடுப்பை அணைக்கலாம். அப்புறம், இதற்கு உருகுநிலை பார்க்க முடியாது. உருகாமலே சிதைந்துவிடும். ரெக்கார்டில் அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று எல்லாரும் விழித்தோம்.

*

தம்பி சொல்வது குடுவைக் கணக்கு. நான் ஆசிட் ஸ்லரி, அதாவது ஆல்கைல் பென்சீன் சல்ஃபோனிக் அமிலம், தயாரிக்கும் ஆலையில் ஷிஃப்ட் பார்த்தவன். சலவைத்தூளுக்கு முக்கியச் சரக்கு அதுதான். கந்தகத்தை எரித்து, வனேடியம் பென்டாக்சைடு வினையூக்கியில் சல்ஃபர் டிரையாக்சைடு ஆக்கி, உலர்ந்த காற்றோடு கலந்து குழாய்களுக்குள் அனுப்புவோம். குழாயின் உட்சுவரில் ஆல்கைல் பென்சீன் (நீளக் கார்பன் சங்கிலி ஒட்டிய பென்சீன்) மெல்லிய படலமாக வழிந்து இறங்கும், வெளியே குளிர்நீர் ஓடும். ஒரு மோலுக்கு ஏறத்தாழ 170 கிலோஜூல் வெப்பம் கிளம்புகிற வினை இது. வாயு கொஞ்சம் கூடினாலோ குளிர்நீர் குறைந்தாலோ ஸ்லரி கறுத்துவிடும், அதை வைத்து வெள்ளைத் தூள் போட முடியாது. காற்றில் ஈரம் இருந்தால் அங்கேயே கந்தக அமிலம் உண்டாகித் தொல்லை கொடுக்கும். ஆனால் வெளியே வந்த சரக்கைச் சற்று நேரம் வைத்திருந்து, கடைசியில் நாங்களே ஒரு சதவீதம் போலத் தண்ணீர் சேர்ப்போம், இடையில் உருவான நீரிலிகளை (அமில மூலக்கூறுகள் நீர் இழந்து ஒட்டிக்கொண்டவை) உடைக்க. புதிதாக வருகிறவர்களுக்கு இது புரியவே புரியாது! ஒலியம் (சல்ஃபர் டிரையாக்சைடு கரைந்த கந்தக அமிலம்) ஊற்றிச் செய்யும் முறையில் அடியில் தங்கும் கழிவு அமிலத்தை என்ன செய்வது என்பது தனித் தலைவலி. இதில் அது இல்லை.

*

நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் மாட்டிக்கொள்வது நாஃப்தலீனில்தான், இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிய சேர்மம். தொகுதி எந்தக் கார்பனில் ஏறுகிறது என்பதை எண்ணால் சொல்வோம். 80 டிகிரியில் 1-சல்ஃபோனிக் அமிலம், 160-ல் 2. முதலாவது சீக்கிரம் உருவாகும், ஆனால் பக்கத்து வளையத்து ஹைட்ரஜன் இடிக்கும். இந்த வினை திரும்பக்கூடியது என்பதால், உருவான 1-ஐ அமிலத்தோடு 160-க்குச் சூடாக்கினாலும் 2-ஆகிவிடும். நைட்ரோ ஏற்றத்தில் இந்தச் சலுகை கிடையாது. அண்ணா, உங்கள் ஸ்லரியில் பாரா (வளையத்தில் சங்கிலிக்கு நேரெதிர் இடம்) மட்டும்தான் வருமா?

*

பெரும்பாலும் பாராதான் மேடம். அவ்வளவு நீளச் சங்கிலி நிற்கும்போது அதை ஒட்டிய ஆர்த்தோவில் இடம் ஏது?